மார்கழியில் கேரவன், பரிசல், சைக்கிள்: தருமபுரிப் பக்கம் புதிதாக வருவோருக்கு

டிசம்பர் நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவரை. வேனிலேயே படுத்து எழுந்து, தண்ணீரில் துடுப்புப் போட்டு, சைக்கிள் மிதித்து ஊர் சுற்றுவதற்கு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதுதான் காலம். கார்த்திகை முடியும்வரை மழையை நம்ப முடியாது. மாசி பிறந்துவிட்டால் வெயில் ஏறும், காடு காயும், காட்டுத் தீக்குப் பயந்து மலையேற்றப் பாதைகளை மூடத் தொடங்குவார்கள். இடையில் இருக்கும் மார்கழியும் தையும்தான் நமக்கு. பகல் வெயில் உடம்புக்கு இதமாக இருக்கும். இரவில் ஏ.சி. தேவைப்படாது. கேரவன் பயணத்தில் இந்த இரண்டாவது சங்கதிதான் பெரிய லாபம்.

உயரத்தையும் கணக்கில் வையுங்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஒகேனக்கல் அதிலும் ஏறக்குறையப் பாதி. அதனால் ஓசூர்ப் பக்கத்துத் தளியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விழிப்பவர், மறுநாள் ஒகேனக்கல்லில் போர்வையை உதறிவிட்டுப் படுப்பார். இரண்டுக்கும் துணி எடுத்து வாருங்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, வரைபடத்தில் ஆற்றங்கரையோரம் பச்சையாகத் தெரியும் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, இங்கேயே வண்டியைப் போட்டுப் படுத்துவிடலாம் என்று முடிவுகட்டுவது. அந்தப் பச்சை அநேகமாகக் காப்புக்காடாக இருக்கும். பகலுக்கு ஆறும் காடும், இரவுக்கு ஊர். இந்த மாவட்டங்களில் திட்டம் போடுபவர் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வண்டி

சொந்த கேரவன் வைத்திருப்பவர்கள் குறைவு. பெங்களூருவிலோ சென்னையிலோ வாடகைக்கு எடுப்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் டெம்போ டிராவலர் அளவு வண்டிகள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால், சாதாரண இலகு ரக வாகன உரிமமே போதும். வாடகை வண்டியாக இருந்தாலும் இதுவே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. நீங்களே ஓட்டும் வாடகை வண்டி என்றால் நம்பர் பிளேட் கறுப்பு நிறத்தில், எழுத்து மஞ்சளில் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குக் கொடுப்பவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்வது நல்லது. கர்நாடகப் பதிவெண் வண்டி என்றால் ஓசூர் எல்லை தாண்டுவதற்கு முன்பே பெர்மிட்டும் வரியும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்த வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்தத் துடிப்பவர்களுக்கு ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற முடியாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஒப்புதல் வேண்டும். கழற்றி எடுக்கக்கூடிய கட்டிலும் பெட்டிகளும் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி குறையும்.

கூரையில் படகு, பின்னால் சைக்கிள் என்று கிளம்பினால் உயரத்தை அளந்து, டிரைவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். இந்தப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் புளியமரக் கிளைகள் சாலையின் குறுக்கே தாழ்ந்திருக்கும். ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைகளும் தாழ்வானவை. சைக்கிள் ஸ்டாண்டு நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைக்கக் கூடாது.

மின்சாரமும் தண்ணீரும்

12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் 1,200 வாட் மணி இருக்கும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், லித்தியமானால் பெரும்பகுதியை எடுக்கலாம். சிறிய ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 500 வாட் மணி வரை குடிக்கும், இரவு முழுக்க ஓடும் 25 வாட் மின்விசிறி 200, விளக்கும் போனும் 100. ஆக 800. கூரையில் 200 வாட் சோலார் தகடு இருந்தால் குளிர்கால வெயிலில் அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். இந்தக் கணக்கில் ஏ.சி.யைச் சேர்த்துப் பாருங்கள், எல்லாம் தலைகீழாகும், ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டர் என்றால் புகை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடு காரணம் என்று தெரியவந்தது. வண்டிக்குள் கரி அடுப்பு மூட்டுவதும் அதே ஆபத்துதான். எவ்வளவு குளிராக இருந்தாலும் இரண்டு பக்க ஜன்னலையும் இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள். கொசுவலை அடித்திருந்தால் கவலை இல்லை. திறந்து வைத்தால் காலையில் கண்ணாடியில் வியர்வை வழிந்து மெத்தை நனைவதும் நிற்கும்.

தண்ணீர் விஷயத்தில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறை படிந்த பெரியவர்களை இங்கே பார்க்கலாம். அந்தப் பிரச்சினைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கிவைத்தார்கள். ஆகவே தோட்டத்துப் போர் தண்ணீர் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் நல்லது, குடிக்கக் கூடாது. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் கூடும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் குழாயா என்று கேட்டுப் பிடியுங்கள், அல்லது 20 லிட்டர் கேன் வாங்குங்கள். இரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு ஒரு கேன் போதாது, இரண்டு வேண்டும்.

இரவு எங்கே நிறுத்துவது

மின் இணைப்பும் கழிவுநீர்க் குழாயும் போட்டுத் தரும் கேரவன் மைதானங்களை இங்கே எதிர்பார்த்து வராதீர்கள். இடத்தை நாமே கேட்டுப் பெற வேண்டும். ஓட்டல் வளாகம், மாந்தோப்பு, பெட்ரோல் பங்கை ஒட்டிய காலியிடம், இந்த வரிசையில் தேடுங்கள். ஒகேனக்கல்லில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் இருக்கிறது. அறை ஒன்று எடுத்துக்கொண்டு வண்டியை வளாகத்தில் விட்டால் குளியலறைக் கவலையும் தீர்ந்தது.

மாந்தோப்பு என்றால் கிருஷ்ணகிரி, சந்தூர், பர்கூர்ப் பக்கம். இருட்டிய பிறகு போய்க் கேட்காதீர்கள். மாலை 4 மணிக்கே போய், வண்டியை வெளியே சாலையில் நிறுத்திவிட்டு, நடந்து உள்ளே சென்று, "ஐயா, இன்று இரவு மட்டும் வண்டியை இங்கே நிறுத்திக்கொள்ளலாமா? குடும்பத்தோடு வந்திருக்கிறோம், காலையில் கிளம்பிவிடுவோம்" என்று கேளுங்கள். வீட்டில் பெண்கள் இருந்தால் உங்களோடு வந்த பெண்கள், "அக்கா" என்று பேச்சைத் தொடங்கட்டும், காரியம் சீக்கிரம் முடியும். பணம் வேண்டாம் என்று சொல்வார்கள். அப்படியே கிளம்பிவிடாமல், வீட்டுப் பிள்ளைகள் கையில் பழமோ பலகாரமோ கொடுத்துவிட்டு வாருங்கள். இன்னொன்று: தையில் மா பூக்கும், பூவுக்கு மருந்து அடிப்பார்கள். நாளைக் காலை மருந்து அடிக்கப் போகிறார்களா என்று கேட்காமல் அந்தத் தோப்பில் படுக்காதீர்கள். விடியற்காலையில் விசைத்தெளிப்பான் சத்தத்தில் எழுந்து, நாற்றத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நிலை வரும்.

இனி, எங்கே படுக்கவே கூடாது என்பது. ஆண்டுதோறும் அக்டோபருக்குப் பின் கர்நாடகத்தின் பன்னார்கட்டாப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம், சானமாவுக் காடுகளுக்கு வருகின்றன. ராகி அறுவடைக் காலமும் அதுதான், இரண்டும் சேர்ந்தே நடக்கும். பகலில் காட்டில் நின்றுவிட்டு, இருட்டியதும் வயலுக்கு இறங்கும். பேரண்டப்பள்ளி அருகே தேசிய நெடுஞ்சாலையையே கடக்கும். சுற்றுலாவுக்கு ஏற்ற காலமும் யானைக் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டது நம் அதிர்ஷ்டம் அல்லது துரதிர்ஷ்டம். தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திச் சமைத்தால், வாழைப்பழமும் ராகியும் மணக்கும் தகரப் பெட்டி ஒன்றை யானைக்கு விருந்து வைப்பதற்குச் சமம். காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயம் 2014இலும், தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டவை. அவற்றுக்குள் அனுமதியில்லாமல் தங்குவது வனச் சட்டப்படி குற்றமும்கூட. காட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவுசெய்து, வழிகாட்டியோடு பகலில் போய் வாருங்கள். குத்திராயன் சிகரமும் ஐயூர் சாமி ஏரியும் அந்தப் பட்டியலில் உண்டு.

கழிவறைப் பெட்டியை ஆற்றிலோ ஓடையிலோ கவிழ்ப்பவர்களைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். பொதுக் கழிப்பறைப் பொறுப்பாளரிடம் கேட்டு, கட்டணம் கொடுத்து அங்கே கொட்டுங்கள்.

தண்ணீரில் இறங்குவது

சொந்தக் கயாக்கோ கேனோவோ (ஒடுக்கமான, நீளமான துடுப்புப் படகுகள்) கொண்டுவருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: அணைகள் நீர்வளத் துறையின் கையில், மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைதாரர் கையில். கிருஷ்ணகிரி அணைக்குப் போய்ப் படகை இறக்கினால் யாராவது வந்து கேட்கத்தான் செய்வார்கள். முன்கூட்டியே உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்று சொன்னால் வாதாடாமல், கிருஷ்ணகிரிக்குச் சற்றுத் தெற்கே, தருமபுரி செல்லும் சாலையில் இருக்கும் அவதானப்பட்டி ஏரிப் படகு இல்லத்துக்குப் போங்கள். துடுப்புப் பிடித்தே அறியாதவர்களுக்கு அதுவே சரியான பள்ளிக்கூடம். கரையோரம் ஆழமில்லாத இடத்தில் முன்னே தள்ளுவது, திருப்புவது, நிறுத்துவது என்று ஒரு மணி நேரம் பழகுங்கள். படகிலிருந்து வேண்டுமென்றே ஒருமுறை விழுந்து ஏறிப் பார்ப்பதற்கு, இடுப்பளவுத் தண்ணீரும் பக்கத்தில் ஆளும் இருக்கும் வேறொரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் உயிர்காக்கும் மேலுடுப்பைக் கழற்றக் கூடாது.

ஓசூர் கெலவரப்பள்ளி அணை படத்தில் அழகாகத் தெரியும். அங்கே இறங்காதீர்கள். தென்பெண்ணை பெங்களூருவின் கழிவுகளைச் சுமந்துகொண்டுதான் இங்கே நுழைகிறது. மதகு திறந்தால் வெள்ளை நுரை மலைபோல் எழுந்து தரைப்பாலத்தையே மூடும் படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்.

எந்த நீர்த்தேக்கமானாலும் காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை தண்ணீர் அசையாமல் இருக்கும். பிறகு காற்று எழும்பும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளும். மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால் அடியில் வலை இருக்கிறது. துடுப்பு சிக்கினால் வலையை அறுக்காதீர்கள், அது ஒருவருடைய ஒரு மாதச் சம்பாத்தியம். மதகுப் பக்கம் நெருங்கவே வேண்டாம்.

ஒகேனக்கல்லில் சொந்தப் படகு என்ற பேச்சே கிடையாது. பாறையும் சுழலும் அறிந்தவர்கள் பரிசல் ஓட்டிகள்தான். போதாக்குறைக்கு, எதிர்க்கரை கர்நாடகம். கிளம்பும் நாள் காலையில், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நொடிக்கு எத்தனை கன அடித் தண்ணீர் வருகிறது என்று செய்தியில் பாருங்கள். மத்திய நீர் ஆணையம் அங்கேதான் அளக்கிறது. நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடும். குளிர்காலத்தில் அது அபூர்வம் என்றாலும், 46 கிலோமீட்டர் தருமபுரியிலிருந்து ஓட்டிப்போய்த் தடைப் பலகையைப் பார்த்துத் திரும்புவானேன்?

பரிசலில் ஏறும்போது விளிம்பை மிதிக்காமல் நடுவில் கால் வையுங்கள். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தார் பூசியிருப்பார்கள்; உங்கள் பாதத்துக்கு அடியில் அந்தப் பின்னல் மெல்ல வளைந்து கொடுப்பது தெரியும். வட்டப் படகுக்கு முன்னும் பின்னும் கிடையாது, ஆகவே கேனோவில் செய்வதுபோல் பக்கத்தில் துடுப்புப் போட்டால் இருந்த இடத்திலேயே சுற்றும். ஓட்டியின் கையைக் கவனியுங்கள். துடுப்பைத் தனக்கு முன்னால் நீட்டி, தண்ணீரை இடமும் வலமுமாக வளைத்துத் தன் பக்கம் இழுப்பார். பரிசல் அந்த இழுப்பின் பின்னால் போகும். நீர் ஓட்டமில்லாத இடத்தில், "அண்ணா, ஒரு நிமிடம் நான் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டால் சிலர் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். எந்தப் பரிசல் துறையிலிருந்து எதுவரை, எவ்வளவு நேரம், எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்பதை ஏறுவதற்கு முன் பேசி முடியுங்கள். குளிப்பதற்கு என்று விட்டிருக்கும் இடத்தைத் தாண்டி ஆற்றில் இறங்காதீர்கள், காவிரியில் முதலை உண்டு. ஒகேனக்கல்லிலேயே வனத்துறையின் முதலைப் பண்ணை இருக்கிறது, சந்தேகமிருப்பவர்கள் முதலில் அங்கே போய்ப் பார்க்கலாம்.

சைக்கிள்

ஏறி இறங்கும் ஊர் இது, கியர் சைக்கிள் வேண்டும். வெளிநாட்டு வகைச் சைக்கிளுக்கு டியூபும் வால்வு அடாப்டரும் கையோடு வரட்டும்; கிராமத்துப் பஞ்சர் கடையில் கிடைக்காது. சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் மண் தடங்களில் நிறைய.

முதல் நாளுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து அணை, அங்கிருந்து காவேரிப்பட்டணம். அணையிலிருந்து இடமும் வலமும் வாய்க்கால்கள் பிரிகின்றன. தென்னையும் நெல்லுமாக நிழல் கிடைக்கும். பசி எடுக்கும் நேரத்துக்கு அணைக்குத் திரும்பினால் பொரித்த மீன். தருமபுரியில் தங்குபவர்கள் அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்கு மிதிக்கலாம், தேய்பிறை அஷ்டமியன்று மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது. கால் வலுவுள்ளவர்களுக்கு வத்தல்மலை. வளைவுக்கு மேல் வளைவாக ஏறி, மேலே காப்பியும் மிளகும் விளையும் ஊர்களுக்குப் போகும் சாலை. கேரவனை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள்.

ராகிக் காலத்தில் சைக்கிள்காரர் அஞ்ச வேண்டியது லாரிக்கு மட்டும் இல்லை. அறுத்த கதிரையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலை முழுக்கப் பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டிச் சக்கரமே கதிரடித்துக் கொடுக்கும் என்று. மேலே தாள், அடியில் உதிர்ந்த மணி. கடுகளவு உருண்டை மணிகள் தாரின் மேல் உருளும்போது பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கி நீங்கள் தரையில். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கேரவன் ஓட்டுபவரும் அப்படித் தாண்டியபின் நிறுத்தி, அடியில் தாள் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சூடான புகைக்குழாயில் காய்ந்த தாள் பட்டுத் தீப்பிடித்த வண்டிகள் உண்டு.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலையைப் பகல் வெளிச்சத்தில் முடித்துவிட வேண்டும். குரங்குக்குத் தின்பண்டம் காட்டாதீர்கள். செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். டீசல், மருந்து எல்லாம் பென்னாகரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் நாட்டு வைத்தியம் தேடாமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

சைக்கிளும் படகும் ஒரே நாளில் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி நாகமரை. பென்னாகரத்திலிருந்து ஏரியூர் வழியாக நாகமரைக்கு மிதித்து வந்தால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு கடல்போல் விரிந்து கிடக்கும். அங்கிருந்து எதிர்க்கரைப் பண்ணவாடிக்குப் படகு போகிறது. ஊர்க்காரர்கள் இருசக்கர வாகனத்தையே ஏற்றிக்கொண்டு போவார்கள், உங்கள் சைக்கிள் ஒரு பொருட்டே இல்லை. அணையின் நீர்மட்டம் நன்றாக இறங்கிய ஆண்டுகளில், அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் பண்ணவாடியருகே வெளியே தெரியும். இறங்கிக் கொளத்தூர்வரை மிதித்து, டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டு வையுங்கள். காற்று பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அப்போது மேட்டூர் சுற்றித்தான் வர வேண்டும்.

சாப்பாடு

வேனுக்குள் பெரிய சமையல் வேண்டாம். ஒகேனக்கல்லில் மீனை நீங்கள் வாங்கிக் கொடுத்தால் குழம்பும் வறுவலும் ஆக்கித்தரும் அக்காமார்கள் இருக்கிறார்கள். மசாலாவுக்கும் கூலிக்கும் சேர்த்து முன்பே விலை பேசுங்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைச் சந்தைகளில் தக்காளி மலிவு. ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும் கிடைக்கும் கடையைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள், சைக்கிள் மிதித்த வயிற்றுக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நாட்களைத் தேர்ந்தெடுப்பது

வார நாட்களில் வாருங்கள். பொங்கல் விடுமுறையில், அதிலும் காணும் பொங்கலன்று, ஒகேனக்கல்லில் கேரவனைத் திருப்பக்கூட இடம் இருக்காது. பொங்கலை ஒட்டிக் கிருஷ்ணகிரிக் கிராமங்களில் எருது விடும் விழாக்கள் தொடங்கும். பார்க்க வேண்டுமானால் வண்டியை ஊருக்கு வெளியே விட்டு, தடுப்புக்கு இப்புறம் நின்று பாருங்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் சைக்கிள் கூடவே கூடாது.

திரும்பும்போது பெங்களூருக்காரர்கள் ஞாயிறு மாலையைத் தவிர்த்தால் அத்திப்பள்ளி நெரிசலிலிருந்து தப்பலாம். சேலம் பக்கம் போகிறவர்கள் தொப்பூர்க் கணவாயைப் பகலில் இறங்குங்கள். லாரிகள் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கி, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள் மேல் மோதிய விபத்துகள் இரட்டைப் பாலம் அருகே எத்தனையோ. கூரையில் படகும் தொட்டியில் தண்ணீரும் இருக்கும் வண்டி வழக்கத்தைவிடக் கனம். ஆகவே கழுவும் தண்ணீரை இறக்கத்துக்கு முன்பே ஏதாவது தோட்டத்தில் கேட்டுக் காலிசெய்துவிட்டு, இரண்டாவது கியரிலோ மூன்றாவதிலோ, இடது தடத்தில், பின்னால் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அவசரப்படாமல் இறங்குங்கள்.